எட்டு மாட்டுக்கு டி.எம்.ஆர். மெஷின் வேண்டுமா?

தாராபுரம் பக்கம் எட்டு கலப்பின மாடு வைத்திருக்கிறீர்கள். ஏழு கறவையில் இருக்கிறது, ஒன்று வற்றிச் சினையாக நிற்கிறது. கறவைக்குச் சராசரி 12 லிட்டர். சோளத்தட்டு சொந்தக் காட்டிலேயே வருகிறது, கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் கோ-4 புல்லும் முப்பது சென்ட் வேலிமசாலும் (பயறுவகைத் தீவனச் செடி) இருக்கிறது, மற்றதெல்லாம் கடையில் வாங்கும் மூட்டைத் தீவனம். இப்படித் தனித்தனியாகப் போடாமல், டி.எம்.ஆர். என்று எல்லாவற்றையும் மெஷினில் ஒன்றாகக் கலந்து போட்டால் தீவனச் செலவு பாதியாகும், மாட்டுக்கு மூன்று லிட்டர் கூடும் என்று ஒருவர் சொன்னாராம். கடன் போட்டு மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மெஷின் ஆசையைவிட, பால் குறையாமல் தீவனச் செலவைக் குறைக்க வழி உண்டா என்ற கவலைதான் அதில் தெரிகிறது. வழி உண்டு. அந்த வழியில் மெஷின் கடைசியில்தான் வரும், எட்டு மாட்டுக்கு வராமலே போனாலும் போகும்.

நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பெருந்துறை, காங்கேயம், கோபி வட்டாரத்தில் மாடு பார்க்கிறேன். வீட்டுக் கட்டுத்தரையிலும் பதினோரு உருப்படி நிற்கிறது. படிப்பில் கற்றது எது, கட்டுத்தரையில் கண்டது எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன். உங்கள் மாடுகளை நான் கண்ணால் பார்க்கவில்லை, உங்கள் தட்டின் தரமும் கையில் தொட்டுப் பார்த்ததல்ல. ஆகவே கீழே வரும் எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாடே அதைத் திருத்தும்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கலப்பதால் தீவனத்தில் ஒரு கிராம் சத்துகூட அதிகமாகாது. கலவைக்கு இரண்டே வேலை. மாடு பொறுக்கித் தின்னாமல் தடுப்பது ஒன்று. மாவும் நாரும் ஒரே சீராக வயிற்றுக்குள் போய்ச் சேர வைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது. மாட்டின் பெருவயிறு மாவு புளிக்கிற பானை மாதிரி. அதற்குள் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, மாவைச் செரிக்கிற கூட்டம் வேறு. மாவுத்தீனி மொத்தமாக உள்ளே விழுந்தால் மாவுக் கூட்டம் மளமளவென்று பெருகி அமிலத்தை விடும். வயிற்றின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கிற கூட்டம் சுணங்கிவிடும், 5.5 பக்கம் போய் அங்கேயே நின்றால் மாடு தீனியையே குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தின்ற தட்டு பாதி செரியாமல் சாணியாக வெளியே வரும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய தீவனம், சும்மா கிடைத்த தட்டின் சத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. இந்த அமிலத்தை அடக்குவது எச்சில்தான். நன்றாக அசைபோடும் பெரிய மாடு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்கும். நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடாவில் இருக்கிற அதே பைகார்பனேட் அந்த எச்சிலில் இருக்கிறது. மாட்டை அசைபோட வைப்பது ஓரளவு நீளமான நார்.

நம் ஊர் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். காலையில் கறக்கும்போது தாழியில் இரண்டரை, மூன்று கிலோ தீவனத்தைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறோம். மாடு மூக்கு முங்க ஐந்து நிமிஷத்தில் உறிஞ்சிவிடும். மெல்லாததால் எச்சில் ஊறுவதில்லை. பதினோரு மணிக்குப் புல், சாயங்காலம் மறுபடி தவுட்டுத்தண்ணி, ராத்திரிக்குத் தட்டு. நாலைந்து லிட்டர் கறந்த எங்கப்பாரு காலத்து மாட்டுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு, பதினைந்து லிட்டர் மாட்டுக்கு வேளைக்கு நாலு கிலோ என்று ஏறும்போதுதான் தினம் இரண்டு தடவை வயிறு புளித்து அடங்குகிறது. ஆகவே மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன் முதல் காரியம், தீவனத்தைக் கரைத்து வைப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் தனி, தீவனம் தனி. வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "தவுட்டுத்தண்ணி காட்டாம மாடு எப்படிக் கண்ணு பால் குடுக்கும்?" என்று எங்கம்மா கேட்காத நாளில்லை. தொட்டியில் வெறுந்தண்ணீர் எந்நேரமும் நின்றால் மாடு தானே குடித்துக்கொள்ளும் என்று அவர் நம்புவதற்குள் ஒரு கோடை போய்விட்டது. உங்கள் மாடுகள் சித்திரை வெயிலில் ஆளுக்கு எழுபது, எண்பது லிட்டர் குடிக்கும். அதைக் கையால் காட்டி முடியாது, தொட்டிதான் வேண்டும்.

அடுத்தது கணக்கு. 400 கிலோ எடை, 12 லிட்டர் பால், 4 சதவீதம் கொழுப்பு என்று ஒரு மாட்டை வைத்துக்கொள்வோம். உடம்பைக் காத்துக்கொள்ள மட்டும் அதற்குச் சுமார் 3.1 கிலோ எரிசத்தும் (மொத்தச் செரிமானச் சத்து என்று எங்கள் பாடத்தில் வரும்) 320 கிராம் புரதமும் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 330 கிராம் எரிசத்து, 90 கிராம் புரதம். கூட்டினால் எரிசத்து 7.1 கிலோ, புரதம் 1.4 கிலோ வரும். இதை மாடு எவ்வளவு தீனிக்குள் தின்ன வேண்டும் என்றால், உடல் எடையில் 3 சதவீதம், அதாவது 12 கிலோ உலர்பொருளுக்குள். உலர்பொருள் என்பது தண்ணீரைக் கழித்த எடை. இந்தச் சொல் ஒன்று பிடிபட்டால் தீவனக் கணக்கில் பாதி பிடிபட்ட மாதிரி.

இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்தே போடுவோம். கோ-4 புல் 20 கிலோ; அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், ஆக 4 கிலோ. சோளத்தட்டு 3 கிலோ; உலர்பொருள் 2.7. வேலிமசால் 5 கிலோ, ஒன்றேகால் கிலோ. அடர்தீவனம் (மாவு, தவிடு, புண்ணாக்கு கலந்த தீவனம்) 4.5 கிலோ, அதில் நாலு கிலோ. மொத்தம் 12 கிலோ சரியாக வந்துவிட்டது. எரிசத்து 7.4 கிலோ பக்கம், புரதம் ஒன்றரைக் கிலோ. தேவைக்கு மேலேயே கொஞ்சம் இருக்கிறது. அடர்தீவனத்தை வீட்டிலேயே அரைப்பதாக இருந்தால், நூறு கிலோவுக்கு மக்காச்சோள மாவு 35, கோதுமைத் தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 20, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 17, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1 என்று போட்டால் புரதம் 19 சதவீதத்துக்கு வரும். தாது உப்பைக் குறைக்காதீர்கள். மாட்டுக்கு நாளைக்கு 50 கிராமுக்குக் குறையக் கூடாது. இந்தக் கலவையில் நாலரைக் கிலோ போட்டால் 90 கிராம் போய்விடும்.

இதிலிருக்கும் லாபம் எங்கே என்று பாருங்கள். எல்லோரும் சொல்லும் பழைய கணக்கு, உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. 12 லிட்டருக்கு 6.3 கிலோ அடர்தீவனம் ஆகிறது. வைக்கோலையும் தட்டையும் நம்பிய மாட்டுக்கு அது சரியான கணக்குதான். நல்ல பசும்புல்லும் பயறுவகைத் தீவனமும் எடை போட்டுக் கொடுத்தால் நாலரையில் முடிகிறது. மாட்டுக்கு 1.8 கிலோ, ஏழு மாட்டுக்குத் தினம் பன்னிரண்டரைக் கிலோ மூட்டைத் தீவனம் மிச்சம். இந்த மிச்சம் வேலிமசாலிலிருந்தும் தராசிலிருந்தும் வந்தது. மெஷின் இன்னும் வீட்டுக்கு வரவே இல்லை.

தராசு என்றதும் ஒன்று. "ஒரு கட்டுப் புல்லு, ரெண்டு படித் தீவனம்" என்று பேசுவதை விட்டுவிடுங்கள். படிக்குப் படி எடை மாறும். தவிட்டுப் படிக்கும் மக்காச்சோளப் படிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தொங்கு தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். புல்லின் ஈரத்தையும் நீங்களே பார்க்கலாம். நறுக்கிய புல் ஒரு கிலோவைக் களத்தில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை இரண்டு மூன்று நாள் காய வைத்து நிறுங்கள். வெயிலில் காய்ந்ததிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், அதையும் கழித்துவிடுங்கள். மழைக்குப் பிறகு அறுத்த இளம்புல்லில் 150 கிராம்தான் மிஞ்சும். முற்றிய புல்லில் 250 கூட நிற்கும். இதைப் பார்க்காமல் வருஷம் முழுக்க "இருபது கிலோ" என்று போட்டால், ஐப்பசியில் மாடு தண்ணீரைத்தான் தின்கிறது.

விலையையும் இதே கண்ணோடு பாருங்கள். மக்காச்சோள ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த சைலேஜ்) மூட்டை கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர்பொருள் 30 சதவீதம் என்றால் உண்மையில் கிலோ 26, 27 ரூபாய். சொந்தப் புல் கிலோவுக்கு 2 ரூபாய் செலவு என்றால் உலர்பொருள் 10 ரூபாய். புண்ணாக்கைப் புரதக் கணக்கில் பாருங்கள்: 42 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கு கிலோ 45 என்றால் ஒரு கிலோ புரதம் 107 ரூபாய். 14 சதவீதமுள்ள கோதுமைத் தவிடு கிலோ 28 என்றால் ஒரு கிலோ புரதம் 200 ரூபாய். மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் விலை அதிகம். மரவள்ளித் திப்பி இன்னும் மோசம். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருவது, எரிசத்துக்கு ஆகும், ஆனால் புரதம் 2 சதவீதம்தான். அதைக் கால்வாசி போட்டுவிட்டு "எங்க கலவை மலிவு" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். விலைகளை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது. கணக்குப் பிடிக்காதவர்களுக்குத் தேசியப் பால்வள வாரியத்தின் 'பசு போஷண்' செயலி இருக்கிறது. மாட்டின் எடை, பால், கையிலிருக்கும் தீவனம், விலை எல்லாம் கொடுத்தால் குறைந்த செலவுக் கலவையைச் சொல்லும்.

கலப்பதற்கு வருவோம். ஏழு கறவைக்கு ஒரு நாள் கலவை மொத்தம் 230 கிலோவுக்குள். இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 115 கிலோ. சிமெண்ட் களத்தில் இரண்டு ஆள் அரைமணி நேரத்தில் முடிக்கிற வேலை. நறுக்கிய தட்டை அடியில் பரப்புங்கள். அதன்மேல் புல், அதன்மேல் வேலிமசால். தாது உப்பையும் உப்பையும் நேரே தூவாமல் முதலில் இரண்டு கிலோ தவிட்டில் பிசறி, அந்தத் தவிட்டை மொத்த அடர்தீவனத்தில் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கிற அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே தூவுங்கள். பிறகு மண்வெட்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மூன்று தடவை புரட்டுங்கள். ஒரு பிடி எங்கே எடுத்தாலும் மாவு தட்டில் ஒட்டியிருக்க வேண்டும். கலவையில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் சேருங்கள் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது உலர்தீவனத்தையே நம்பிய பண்ணைக்கு. உங்கள் கலவையில் புல்லின் ஈரமே 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. இன்னும் ஊற்றினால் வெயில் ஏறுவதற்குள் புளித்த வாடை வரும். கலவைக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தால் அதை மாட்டுக்குப் போடாதீர்கள். பங்குனி, சித்திரையில் மூன்றில் இரண்டு பங்கை வெயில் தாழ்ந்த பிறகு போடுவதுதான் நல்லது. பகலில் மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், தின்னாது.

நறுக்கும் அளவில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன். ஆறேழு வருஷத்துக்கு முன் வீட்டுக்குப் புது நறுக்கும் மெஷின் வாங்கினோம். தட்டு எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு நல்லது என்று கூலிக்கு வந்தவர் கத்தியை நெருக்கி வைத்துவிட்டார், நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மாடுகள் தாழியை நக்கித் தீர்த்தன, ஒரு துரும்பு மீதியில்லை. பத்து நாளில் சொசைட்டியில் கொழுப்பு 4.2-லிருந்து 3.4-க்கு வந்தது. பரிசோதனைக் கருவிதான் கோளாறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கட்டுத்தரையைப் பார்த்தபோது ஏதோ உறைத்தது. எண்ணினேன். படுத்திருந்த ஒன்பதில் இரண்டுதான் அசைபோட்டது. சாணி கூழாக, நுரை தட்டி, மேலே பளபளப்பாகக் கிடந்தது. மாட்டு வைத்தியனுக்கே இது தெரிய இத்தனை நாள் ஆயிற்று. கத்தியைத் தளர்த்தித் தட்டை முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் நீளத்துக்கு மாற்றியபின் மூன்று வாரத்தில் கொழுப்பு பழையபடி ஏறியது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1996-ல் இதற்கென்றே ஒரு சல்லடைப் பெட்டி கொண்டுவந்தது. 19 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள மேல் அடுக்கில் கலவையில் 2 முதல் 8 சதவீதம், 8 மில்லிமீட்டர் அடுக்கில் 30 முதல் 50 சதவீதம் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது அவர்கள் ஊர் ஊறுகாய்ப் புல்லை மனதில் வைத்துச் சொன்னது, நம் சோளத்தட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தின்று இரண்டு மணி நேரம் கழித்துப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

நீளம் கூடிப்போனாலும் தொல்லைதான். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கலவை அருமையாகக் கலந்திருந்தார்கள், தட்டு மட்டும் மூன்று அங்குலம். நின்று பார்த்தேன். ஒரு செவலை மாடு மூக்கால் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக் கிணறு மாதிரி குழி பறித்து, அடியில் உதிர்ந்த மாவை நாக்கைச் சுழற்றி நக்கியது. அரைமணியில் தாழியில் மிஞ்சியது வெறும் தட்டு. அந்த மாடு தின்றது அவர்கள் கலந்த கலவையே இல்லை. அதனால் தினம் காலையில் தாழியின் மீதியைப் பாருங்கள். போட்டதில் இருபதில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும், மிஞ்சியதும் போட்டதும் பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொத்தமும் காலி என்றால் மாடு பசித்திருக்கிறது.

இனி, உறுதியில்லாத பகுதி. செலவு பாதியாகும் என்பதை நான் நம்பவில்லை. பால் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம்தான். அதில் பத்து, பதினைந்து சதவீதம் குறைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் குறைத்தது எடை போட்டதா, வீணாவது நின்றதா, கலந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது; எல்லாம் ஒரே நேரத்தில் மாறியது. மூன்று லிட்டர் கூடும் என்பது மாட்டைப் பொறுத்தது. 20 லிட்டர் கறக்கக்கூடிய மாட்டை அரைகுறைத் தீனியில் 12-ல் நிறுத்தியிருந்தால் கூடலாம். மாட்டின் தகுதியே 12 என்றால் கலவை என்ன செய்யும்? அதிகம் கறக்கும் மாட்டுக்குக் கலவை தரும் லாபம் தெளிவானது. எட்டு லிட்டர் மாட்டுக்கு, அதே தீவனத்தை நாலு வேளையாகப் பிரித்துப் போட்டாலே ஏறக்குறைய அதே பலன் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை மெஷின் விற்பவர்கள் சொல்வதில்லை. டி.எம்.ஆர். என்பது அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பெரிய பண்ணைக்காக, ஒரே அளவு கறக்கும் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறவர்களுக்காக வந்த முறை. நம் கட்டுத்தரையில் 16 லிட்டர் மாடும் 7 லிட்டர் மாடும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கும். ஒரே கலவையை இரண்டுக்கும் வயிறு நிறையப் போட்டால், பெரிய கறவை இளைக்கும், சின்ன கறவை கொழுக்கும். கொழுத்த மாடு அடுத்த ஈத்தில் ஈன்றதும் படுத்துக்கொண்டு உங்களை ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் போட வைக்கும். ஆகவே பத்து லிட்டருக்குப் போதுமான கலவையை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டு, அதற்கு மேல் கறப்பதற்கு மட்டும் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அடர்தீவனத்தைத் தாழியிலேயே மேலே தூவிக் கையால் கிளறிவிடுங்கள். மாடு கட்டிக்கிடப்பதில் உள்ள வசதியே இதுதான், ஒவ்வொன்றுக்கும் தனியாக அளக்கலாம். மெஷினை இருபது, இருபத்தைந்து கறவைக்கு மேல் போனபின், கூலி ஆள் கிடைக்காமல் திண்டாடும்போது யோசிக்கலாம். இது என் கணிப்புதான். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் கணக்கும் வேறு.

கலவையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பொறுக்க முடியாத மாடு கெட்டதையும் சேர்த்துத் தின்னும். தனியாகப் போட்டால் முகர்ந்துவிட்டு ஒதுக்குகிற பூசணம் பிடித்த புண்ணாக்கை, கலவையில் ஒதுக்காது. கடலைப் புண்ணாக்கிலும் ஈரமான மக்காச்சோளத்திலும் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. பூக்காத இளஞ்சோளம், மழை பொய்த்து வாடிய சோளம், அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பு மூன்றையும் கலவைக்குள் நறுக்கிப் போடவே கூடாது. சயனைடு இருக்கும், மாடு மூச்சுத் திணறி விழ நேரம் ஆகாது. அப்படி நடந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஊசி மருந்து உண்டு. பூத்து முற்றிக் காய்ந்த தட்டில் பயமில்லை. யூரியாவைக் கலவையில் தூவலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கை கொஞ்சம் தவறினாலும் மாடு போய்விடும். அப்புறம் கம்பி, ஆணி. வேலிக் கம்பித் துண்டு தட்டோடு நறுக்கும் மெஷினுக்குள் போனால் ஊசி ஊசியாக வரும். மாடு அதை விழுங்கி நெஞ்சுப் பக்கம் குத்தி இறந்ததை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மெஷினின் வாயருகே கட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றாவது ஒட்டும்.

பருத்திக்கொட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஊற வைத்து ஆட்டிப் பாலாகக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். முழுக்கொட்டையாகக் கொடுத்தால் எண்ணெய் மெதுவாக இறங்கும், நாரும் சேரும். ஆட்டிக் கொடுத்தால் எண்ணெய் ஒரேயடியாக வயிற்றில் பரவி நார் செரிக்கும் கூட்டத்தைக் கெடுக்கும். ஒரு கிலோ, முழுசாக, கலவையோடு போடுங்கள். அந்த அளவுக்கு மற்ற அடர்தீவனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் மாடு இரண்டு வாங்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். கிளுவை வேலிக்குள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்ந்த உடம்பு அது. இரண்டு மூன்று லிட்டருக்கு மேய்ச்சலே போதும், ஈன்ற புதிதில் மட்டும் கொஞ்சம் புண்ணாக்கு.

பழைய முறையிலிருந்து கலவைக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். வயிற்றுக் கூட்டம் மாறிக்கொள்ள இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாலு நாள் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று போங்கள். அந்த வற்றிய சினை மாட்டுக்குக் கறவைக் கலவையைப் போடவே வேண்டாம். அதற்குத் தட்டும் புல்லும் முக்கியம், வேலிமசால் வேண்டாம், அடர்தீவனம் ஒன்றரைக் கிலோ. வேலிமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஈனும் முன் அது நிறையப் போனால் ஈன்றவுடன் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கச் சோம்பல் படும், பால் காய்ச்சலில் மாடு படுத்துவிடும். ஈனுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டரைக் கிலோவுக்கு ஏற்றி, கறவைக் கலவையில் ஒரு பிடி தினமும் சேர்த்துக் காட்டுங்கள். ஈன்றபின் அதே தாழியில் அதே வாசனை வரும்போது மாடு தயங்காமல் வாய் வைக்கும்.